முன்னால் போகிறவரை விடுங்கள், பின்னால் பாருங்கள்: குன்னூரிலிருந்து டூர் டி பிரான்ஸ்

வணக்கம் மக்களே. மைக்கில் காற்றுச் சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆடிக் காற்று. குன்னூர் மலைப்பாதையில் ரன்னிமேடு பக்கம் நிற்கிறேன். கீழே தெரிவது நம்ம மலை ரயில் பாதை. கிட்டே போய்க் காட்டுகிறேன். இரண்டு தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை இரண்டு ஓடுகிறது பாருங்கள். ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். எஞ்சினின் பல்சக்கரம் இதைக் கவ்விக்கொண்டுதான் கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஏறும். அதிகபட்ச ஏற்றம் 8.33 சதவீதம். அதாவது 12 மீட்டர் முன்னால் போனால் 1 மீட்டர் மேலே.

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் பற்றிப் பேச வந்தவன் ஏன் ரயிலைக் காட்டுகிறான் என்கிறீர்களா? அந்தப் பந்தயம் ஏறுகிற மலைப்பாதைகளில் ஆல்ப் துவேஸ் என்று ஒரு ஏற்றம். 13.8 கிலோமீட்டர், 21 கொண்டை ஊசி வளைவுகள், சராசரியே 8.1 சதவீதம். நம்ம ரயில் பல்லால் கவ்வி மணிக்குப் பத்து கிலோமீட்டர் சுமாருக்கு ஏறுகிற சரிவு. 2022-இல் டாம் பிட்காக் என்ற வீரர் அங்கே ஜெயித்த அன்று அதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் ஏறினார். எங்கள் பெரியப்பா ரயில்வேயில் இருந்தவர். இதைச் சொன்னதும்தான் நாற்காலியை டிவி பக்கம் திருப்பினார். அதுவரைக்கும், "டேய், நாலு மணி நேரம் சைக்கிள் மிதிக்கிறதை உட்கார்ந்து பார்க்கிறாயே, வேறு வேலை இல்லையா?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

நம்ம ஊர் நேரத்துக்கு இது வசதியான பந்தயம். பிரான்சுக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி நேர வித்தியாசம். ஒரு நாள் ஓட்டத்தை ஸ்டேஜ் என்பார்கள். பெரும்பாலான ஸ்டேஜ்கள் இரவு ஒன்பது மணி வாக்கில் முடிந்துவிடும். கரண்ட் போகாமல் இருக்க வேண்டும், அது வேறு கதை.

விதி சின்னதுதான். மூன்று வாரம், 21 ஸ்டேஜ். தினமும் எடுத்த நேரத்தை மொய் நோட்டு மாதிரி எழுதிக் கூட்டிக்கொண்டே வருவார்கள். மொத்தத்தில் குறைந்த நேரம் யாருக்கோ அவருக்கு மஞ்சள் ஜெர்சி. அதனால் ஒரு ஸ்டேஜ்கூட ஜெயிக்காமல் பட்டம் வாங்கலாம். கிரெக் லெமாண்ட் 1990-இல் அப்படித்தான் வாங்கினார். அதற்கு முந்தைய வருடம் அவர் ஜெயித்தது 8 நொடியில்! மூன்று வாரம் மிதித்து 8 நொடி.

இங்கேதான் பெரியப்பா ஒரு நல்ல கேள்வி கேட்டார்: "முன்னால் ஒருத்தன் தனியாகப் போகிறானே, அவனைப் பற்றி யாரும் கவலைப்படக் காணோமே?" அவர் மொத்தக் கணக்கில் அரை மணி நேரம் பின்னால் இருப்பார் பெரியப்பா, போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். மலை ஸ்டேஜில் நான் முன்னால் போகிறவரைப் பார்ப்பதே குறைவு. மஞ்சள் ஜெர்சி இருக்கும் கூட்டத்தின் வாலைத்தான் பார்ப்பேன். யார் கழன்று விழுகிறார்கள், எந்த அணிக்கு இன்னும் எத்தனை பேர் மிச்சம்? அணிக்கு 8 பேர். அதில் ஒருவருக்காக மற்றவர்கள் எதிர்க்காற்றைத் தாங்கிக்கொண்டு முன்னால் மிதிப்பார்கள். சமவெளியில் பின்னால் ஒட்டிக்கொண்டு போகிறவருக்கு மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். ஏற்றத்தில் வேகம் குறைந்துவிடுவதால் அந்தச் சலுகையும் குறைந்துவிடும். அப்போதுதான் ஆள் யார் என்று தெரியும்.

இதற்கு 2022, பதினோராவது ஸ்டேஜைப் பாருங்கள். கலிபியே கணவாய், 2642 மீட்டர். நம்ம தொட்டபெட்டா 2637. ஐந்து மீட்டர்தான் வித்தியாசம். தொட்டபெட்டாவில் நாலு படி வேகமாக ஏறினால் மூச்சு எங்கே போகிறது என்று நமக்குத் தெரியும். அந்த உயரத்துக்கு ஏறும் வழியில் மஞ்சள் ஜெர்சியில் தடேய் பொகாச்சர், பக்கத்தில் சொந்த அணி ஆள் யாரும் இல்லை. எதிரணியில் ரோக்லிச், விங்கெகோர் என்று இரண்டு பேர். ஒருவர் பாய்வார், பொகாச்சர் துரத்திப் பிடிப்பார். பிடித்ததும் மற்றவர் பாய்வார். மறுபடியும் துரத்தல். திரையில் பார்த்தால் பொகாச்சர்தான் ராஜா மாதிரி இருந்தார், எல்லாவற்றுக்கும் பதில் கொடுத்துக்கொண்டே இருந்தார். அன்றைய கடைசி ஏற்றம் கிரனோன். அங்கே விங்கெகோர் ஒரே ஒரு முறை எழுந்து மிதித்தார். அவ்வளவுதான். ஜிப்பைத் திறந்துவிட்ட மஞ்சள் ஜெர்சி காற்றில் படபடக்க, பொகாச்சர் அன்று மட்டும் 2 நிமிடம் 51 நொடி இழந்தார். ரோக்லிச்? பல நிமிடம் பின்தங்கித்தான் மேலே வந்து சேர்ந்தார். விங்கெகோரின் அந்த வெற்றியில் பாதி ரோக்லிச்சுடையது என்பேன் நான்.

ஒரு நிமிஷம், லாரி வருகிறது... சரி.

இன்னும் பின்னால் போனால் கடைசிக் கூட்டம். சமவெளி ஸ்டேஜின் கடைசி மீட்டர்களில் பறக்கிற கனத்த ஆட்கள் எல்லாரும் மலையில் இங்கேதான் இருப்பார்கள். முதல் ஆள் எடுத்த நேரத்தை வைத்து ஒரு கெடு உண்டு, அதற்குள் வராவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 2024-இல் பந்தயம் தொடங்கியது இத்தாலியில். முதல் நாள் வெயிலில், அப்படிப்பட்ட ஒருவரான மார்க் கேவண்டிஷ் வாந்தி எடுத்துக்கொண்டே ஓட்டினார். அணி ஆட்கள் அவரை விட்டுப் போகாமல் கூடவே மிதித்து, கெடுவுக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஐந்தாவது ஸ்டேஜில் அதே ஆள் தன் 35-ஆவது ஸ்டேஜ் வெற்றியை அடித்து, எட்டி மெர்க்ஸின் 34 என்ற சாதனையைத் தாண்டினார். முதல் நாள் கேமரா முன்னாலேயே இருந்திருந்தால் இந்தக் கதையில் பாதி நமக்குக் கிடைத்திருக்காது. இப்போதெல்லாம் பெரியப்பாவே, "பின்னால் யாருடா விழுந்தது?" என்று சமையலறையிலிருந்து கேட்கிறார்.

நேரில் பார்க்க ஆசை என்றால், பிரான்ஸ் வரைக்கும் போக வேண்டாம், 2008 முதல் டிசம்பரில் 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' நடக்கிறது. தொழில்முறைப் பந்தயம் இல்லை, சைக்கிள் ஆர்வலர்களின் பயணம்தான். ஆனால் சில பகுதிகளில் நேரம் கணக்கிட்டுப் போட்டியும் வைப்பார்கள். மசினகுடிப் பக்கத்திலிருந்து கல்லட்டி ஏற்றம், 36 வளைவுகள், அதுதான் இதில் பேர்போனது. வனத்துறை அனுமதிக்கிற இடத்தில் மட்டும் நில்லுங்கள், அது யானை நடமாடும் பாதை. முதல் ஆள் போனதும் கிளம்பிவிடாதீர்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களுக்குத்தான் கைதட்டல் தேவை. தண்ணீர் கொடுப்பதென்றால் முதலில் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

மேட்டுப்பாளையம் பஸ் வந்துவிட்டது, நான் ஏறுகிறேன். வருகிறேன் மக்களே.