மணி அடித்த பையன்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எதிரணி அண்ணனுக்குத் தனி வணக்கம். "பிள்ளையைப் பள்ளிக்கு வரவைப்பது சட்டமே" என்று பேச வந்தவர், பாதி நேரம் என்னைப் பற்றித்தான் பேசினார். "இந்தத் தம்பி ஒழுங்காகப் பள்ளிக்குப் போயிருந்தால் அந்த அணியில் உட்கார்ந்திருக்க மாட்டார்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், உண்மைதானே!

1852இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் போட்ட கட்டாய வருகைச் சட்டத்தைப் பெருமையாகக் காட்டினார். எட்டு முதல் பதினான்கு வயதுவரை போயே ஆக வேண்டும். ஆண்டுக்கு எவ்வளவு நாள் என்பதை மட்டும் விழுங்கிவிட்டார். 12 வாரம்! அண்ணே, அந்தச் சட்டம் எனக்கு வாய்த்திருந்தால் உங்கள் பக்கம்தான் உட்கார்ந்திருப்பேன்.

2002இல் இங்கிலாந்தில், மகள்கள் பள்ளிக்குப் போகவில்லை என்று ஒரு தாயைச் சிறையில் அடைத்தார்கள். 2004இல் அதே குற்றம், அதே தாய், மறுபடியும் சிறை. சட்டம் தாயை இரண்டு முறை உள்ளே அனுப்பியது. பிள்ளை?

சரி, என் கதைக்கு வருகிறேன். அண்ணன்தானே கிளறினார்! ஐந்தாம் வகுப்பில் எனக்குக் காலை எட்டு மணிக்கு வயிறு வலிக்கும். ஒன்பதரைக்குச் சரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை வலிக்கே விடுமுறை. பள்ளியிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அப்பா காதைப் பிடித்து இழுத்துப்போய் விட்டார். முன்வாசலில் நுழைந்தேன், "உள்ளேன் ஐயா" என்றேன், பின்சுவர் ஏறிக் குதித்தேன். மறுநாளும் அதே காது, அதே வாசல், அதே "உள்ளேன் ஐயா", அதே சுவர். பதிவேட்டில் நான் உள்ளே, ஆள் வெளியே. அண்ணனுடைய சட்டத்துக்கு அந்த "உள்ளேன் ஐயா" போதும்.

ஒருநாள் குதித்த இடத்தில் வகுப்பாசிரியர் நிற்கிறார்! அடி விழும் என்று முதுகைத் திருப்பினேன். "நாளையிலிருந்து நீதான் மணி அடிக்கணும். நீ வராவிட்டால் பள்ளி தொடங்காது" என்றார். நம்பிவிட்டேன்! அப்புறம் ஒருநாள் நிஜமாகவே வயிறு வலித்தது. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் போகவிட மாட்டார்களே.

பல ஆண்டு கழித்து, அவர் ஓய்வுபெறும் நாளில் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கடைசி மணியை நான்தான் அடிக்க வேண்டுமாம். சுத்தியலைக் கையில் எடுத்தேன். அடித்துவிட்டால் அவர் வீட்டுக்குப் போய்விடுவார். அப்படியே நின்றேன்.

நடுவர் அவர்களே, உங்கள் கையும் மணிக்குப் போய்விட்டது. கொஞ்சம் பொறுங்கள். அன்றைக்கு அவரும் பொறுத்தார்.