கொதிகலன் அறையில் பிறந்த வெளியுறவுக் கொள்கை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

செக் நாட்டு அரசியல்வாதி யிர்ஷி டீன்ஸ்ட்பீர் வரலாற்றில் நிற்பது வெளியுறவு அமைச்சராக இருந்த ஆண்டுகளாலா, பதவி ஏதும் இல்லாமல் கழித்த ஆண்டுகளாலா? இதுதான் தலைப்பு. பதவிக் காலத்தால்தான் என்று எதிரணித் தலைவர் பேசி அமர்ந்தார். பதவி இல்லாத காலத்தால் என்று சொல்ல நான் எழுந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு புகைப்படத்தை நம் கண்முன் நிறுத்தினார். 1989 டிசம்பர் 23, செக்கோஸ்லோவாக்கியாவும் மேற்கு ஜெர்மனியும் சந்திக்கும் எல்லை. டீன்ஸ்ட்பீரும் ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் கென்ஷரும் சேர்ந்து முள்வேலியை வெட்டுகிறார்கள். “அமைச்சராக இல்லாவிட்டால் அந்தக் கத்தரி அவர் கைக்கு வந்திருக்குமா?” என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். ஆகவே அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

அந்தக் கத்தரியைப் பிடித்தபோது அவர் அமைச்சராகிப் பதின்மூன்று நாள்தான் ஆகியிருந்தது. கம்யூனிஸ்ட் ஆட்சி சரிந்ததும் டிசம்பர் 10 அன்று பதவியேற்பு; 23 அன்று எல்லையில் நிற்கிறார். பதின்மூன்று நாளில் எந்தக் கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளலாம். ஒரு நாடு தன் அண்டை நாடுகளோடு எப்படி வாழவேண்டும் என்பதைச் சிந்தித்து முடிக்க முடியாது. அப்படியானால் அந்தச் சிந்தனை எப்போது நடந்தது? என் வாதம் முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

1937இல் கிளாட்னோ என்ற ஊரில் பிறந்தவர் அவர். தலைநகர் பிராகுக்கு மேற்கே, நிலக்கரிச் சுரங்கத்தையும் இரும்பாலையையும் நம்பி வாழ்ந்த ஊர். 1958இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். எதிரணி இதை எடுத்துக்காட்டும் முன் நானே சொல்லிவிடுகிறேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை. வானொலிச் செய்தியாளராகிக் கிழக்காசியாவிலும் அமெரிக்காவிலும் பணியாற்றினார். 1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் நாட்டுக்குள் புகுந்தன. அதன்பின் கட்சி தன் உறுப்பினர்களை உட்காரவைத்துக் கேட்டது: “வந்தது படையெடுப்பா, சகோதர உதவியா?” சகோதர உதவி என்று சொன்னவருக்கு வேலை தங்கியது. சொல்ல மறுத்த லட்சக்கணக்கானோரைக் கட்சி கழித்துக்கட்டியது. டீன்ஸ்ட்பீர் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். வானொலி வேலையும் போயிற்று. உலகம் சுற்றிய செய்தியாளர் ஓர் ஆவணக் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

1977 ஜனவரியில் சாசனம் 77 வெளிவந்தது. அரசு 1975இல் ஹெல்சிங்கியில் மனித உரிமைகளுக்குக் கையெழுத்திட்டிருந்தது. நீ கையெழுத்திட்டதை நீயே கடைப்பிடி என்று கேட்டது அந்தச் சாசனம், வேறொன்றுமில்லை. முதலில் ஏறக்குறைய 240 பேர் ஒப்பமிட்டார்கள். அவர்கள் சார்பில் பேசிய தத்துவப் பேராசிரியர் யான் பாடோச்கா நீண்ட போலீஸ் விசாரணைகளை அடுத்து அந்த மார்ச் மாதமே இறந்துபோனார். அப்படிப்பட்ட இயக்கத்துக்கு 1979இல் செய்தித் தொடர்பாளராக முன்வந்தவர் டீன்ஸ்ட்பீர். அதே ஆண்டு கைதானார். அக்டோபரில் நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெலும் மற்றவர்களும் நின்ற அதே கூண்டில் நின்று மூன்று ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். ஆஸ்ட்ராவா நகரின் ஹெர்ஷ்மனிட்சே சிறையில் ஹாவெலோடு இருந்தார். வெளியே வந்தபோது அவருக்குக் கிடைத்த வேலை கொதிகலனுக்கு நெருப்பு மூட்டுவது.

நடுவர் அவர்களே, அந்த நாட்டில் அப்போது எத்தனையோ எழுத்தாளர்களும் பேராசிரியர்களும் இந்த வேலையைத்தான் பார்த்தார்கள். அவமானப்படுத்தவே அரசு அவர்களை அங்கே தள்ளியது. ஆனால் கொதிகலன் அறையில் ஒரு வசதி இருந்தது. நெருப்பைச் சரிசெய்துவிட்டால் இரவில் சில மணி நேரம் யாரும் வரமாட்டார்கள். படிக்கலாம், எழுதலாம்.

அந்த ஆண்டுகளில் பிறந்ததுதான் பிராக் முறையீடு. 1985 மார்ச்சில், டீன்ஸ்ட்பீர் மீண்டும் செய்தித் தொடர்பாளராக இருந்த ஆண்டில், சாசனக்காரர்கள் மேற்கு ஐரோப்பிய அமைதி இயக்கங்களுக்கு அதை அனுப்பினார்கள். அதை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். மேற்கின் நேட்டோ, சோவியத் தலைமையிலான வார்சா ஒப்பந்தம் என்ற இரண்டு இராணுவ அணிகளும் கலைக்கப்பட வேண்டும், அந்நியப் படைகள் வெளியேற வேண்டும் என்றது அது. இன்னொன்றும் சொன்னது. இணையலாமா, எப்படி இணையலாம் என்று முடிவு செய்யும் உரிமை ஜெர்மானியர்களுக்கு உண்டு.

இந்தக் கடைசி வரியைக் கேட்டு நீங்கள் சாதாரணமாக இருப்பது எனக்குத் தெரிகிறது. நானும் முதலில் அப்படித்தான் கடந்துபோனேன். பிறகு இந்த உரைக்காகப் படிக்கும்போது லிடிட்சே என்ற பெயரில் வந்து நின்றுவிட்டேன். லிடிட்சே, கிளாட்னோவுக்குப் பக்கத்துக் கிராமம். 1942 ஜூன் 10 அன்று நாஜிகள் அங்கே 173 ஆண்களைச் சுட்டுக்கொன்றார்கள். பெண்களையும் குழந்தைகளையும் கிளாட்னோ பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில் அடைத்து, அங்கே தாயையும் பிள்ளையையும் பிரித்தார்கள். வீடுகளை இடித்து ஊரையே தரைமட்டமாக்கினார்கள். அந்த மண்ணில் பிறந்தவர் டீன்ஸ்ட்பீர். அப்போது அவருக்கு ஐந்து வயது. பிளவுபட்ட ஜெர்மனியே தமக்குப் பாதுகாப்பு என்று நினைக்க அந்த மக்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது. முறையீடு எழுதப்பட்டதோ பெர்லின் சுவர் அசையாமல் நின்ற காலத்தில். பிளவு போகாமல் ஐரோப்பா ஒன்றாகாது என்று அந்த ஊர்க்காரர் எழுதினார். எழுதியபோது அவருக்குப் பதவி இல்லை, கடவுச்சீட்டு இல்லை, பெயர்போட்டு அச்சிட ஒரு பத்திரிகை இல்லை. தட்டச்சுப் பொறியும் கார்பன் தாளும் இருந்தன.

இப்போது அமைச்சர் டீன்ஸ்ட்பீரின் சாதனைகளாக எதிரணி அடுக்கியவற்றைப் பாருங்கள். சோவியத் படை வெளியேற்றம்: 1990 பிப்ரவரி 26 அன்று மாஸ்கோவில் அவரும் சோவியத் வெளியுறவு அமைச்சர் ஷெவர்ட்நாட்ஸேவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள், 73,500 வீரர்கள் 1991 ஜூனுக்குள் போய்விட்டார்கள். வார்சா ஒப்பந்தம் 1991 ஜூலை 1 அன்று பிராக் நகரிலேயே கலைக்கப்பட்டது. ஜெர்மனியோடு நல்லுறவு ஒப்பந்தம் 1992 பிப்ரவரியில் கையெழுத்தானது. மூன்றும் பெருஞ்செயல்கள், மறுக்கவில்லை. ஆனால் மூன்றின் விதையும் 1985இன் அந்தத் தாளில் இருக்கிறது. நாற்று விட்டவரையும் கதிர் அறுத்தவரையும் எதிரணி இரண்டு ஆளாகப் பார்க்கிறது. ஒரே ஆள்தான். பட்டினி கிடந்து நாற்று விட்ட நாளைத்தான் நான் பெரிதென்கிறேன்.

“எல்லாம் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் கொடுத்தது” என்றும் ஒரு குரல் வந்தது. கோர்பச்சேவ் கதவைத் திறந்தார், உண்மை. திறந்த கதவின் முன் என்ன கேட்பது என்று தெரிந்தவர் வேண்டுமல்லவா? அந்தக் கோரிக்கை எழுதப்பட்டது, அவர் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளரான அதே மாதத்தில். அவர் யாரென்று உலகம் அறியும் முன்பே.

நாற்காலியின் வலிமை எவ்வளவு என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். 1990 ஜனவரியில், இனி ஆயுத வியாபாரம் செய்யமாட்டோம் என்று டீன்ஸ்ட்பீர் அறிவித்தார். நெஞ்சாரச் சொன்னார். அமைச்சராகத்தான் சொன்னார். ஆனால் நாட்டின் கிழக்குப் பகுதியான ஸ்லோவாக்கியாவில் டாங்கித் தொழிற்சாலைகளை நம்பி ஊர் ஊராகத் தொழிலாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு மாற்று வேலை தயாராக இல்லை. சிரியாவுக்கு டாங்கிகள் போவது நிற்கவில்லை. பிராக் நம் வயிற்றில் அடிக்கிறது என்ற கசப்புதான் அங்கே மிஞ்சியது. அந்த நல்ல எண்ணம் தோற்றதற்கு நான் வருந்துகிறேன். பத்தாண்டு யோசித்தது நிலைத்தது. பதவியேறிய சில வாரங்களில் அறிவித்தது நிலைக்கவில்லை.

1992 ஜூன் தேர்தலில் அவர் தலைமை தாங்கிய குடிமக்கள் இயக்கம் நாடாளுமன்றத்துக்குள் நுழையத் தேவையான ஐந்து சதவீத வாசலைக்கூடத் தாண்டவில்லை. நாற்காலி போயிற்று, ஆண்டு முடிவதோடு செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடே இல்லாமல் போயிற்று. “அதோடு அவர் மறைந்துவிட்டார்” என்றார் எதிரணி நண்பர். இல்லை ஐயா. 1998 முதல் 2001 வரை முன்னாள் யூகோஸ்லாவிய நாடுகளுக்கான ஐ.நா. மனித உரிமைச் சிறப்பு அறிக்கையாளராக இருந்தார். 1999 மார்ச் 12 அன்று செக் குடியரசு நேட்டோவில் சேர்ந்தது. 24 அன்று நேட்டோ யூகோஸ்லாவியா மீது குண்டு போடத் தொடங்கியது. அந்தத் தாக்குதலை ஆதரித்தார் குடியரசுத் தலைவர் ஹாவெல், ஒரே சிறையில் இருந்த தோழர். டீன்ஸ்ட்பீர் எதிர்த்தார். யூகோஸ்லாவியாவின் கொசோவோ மாகாணத்து அல்பேனியர்களுக்குச் செர்பியப் படைகள் இழைத்த கொடுமையையும் சொன்னார். பிறகு அங்கிருந்து விரட்டப்பட்ட செர்பியர்களுக்காகவும் ரோமா மக்களுக்காகவும் பேசினார். இரண்டு பக்கமும் அவரை ஏசின. ஓட்டு வாங்க நினைப்பவர் செய்யும் வேலையா இது?

2008இல் அவரை நாடாளுமன்ற மேலவைக்கு அனுப்பிய தொகுதி கிளாட்னோ. லிடிட்சேயின் பக்கத்து ஊர்க்காரர்கள், ஜெர்மானியர்களுக்காக எழுதிய அந்த எழுபத்தொரு வயது மனிதருக்கு ஓட்டுப் போட்டார்கள். 2011 ஜனவரி 8 அன்று இறக்கும்வரை அவர் அவர்களின் உறுப்பினராகவே இருந்தார்.

நடுவர் அவர்களே, தீர்ப்பெழுதும்போது எதிரணி காட்டிய அந்தப் புகைப்படத்தையே மீண்டும் எடுத்துப் பாருங்கள். கத்தரியை அல்ல, அதைப் பிடித்திருக்கும் கையைப் பாருங்கள். சில வாரங்களுக்கு முன்வரை கொதிகலனுக்கு நெருப்பு மூட்டிய கை அது. நன்றி, வணக்கம்.