நாலே போர்டில் அடங்கிய வாய்

வணக்கம், எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? இன்றைக்கு வண்டி, ஊர்சுற்றல் எதுவும் இல்லை. மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசுகிறேன். கீழ்வீட்டில் மாவு அரைக்கிறார்கள், கிரைண்டர் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கிரிக்கெட் பைத்தியம் என்பது இந்தச் சேனல் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். போன மாதம் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. ஹாலில் டிவியில் மேட்ச் ஓடுகிறது, வீடே கத்திக்கொண்டிருக்கிறது. ராயபுரம் சித்தப்பா மட்டும் மூலையில் போனை வைத்துக்கொண்டு ஏதோ கேரம் போட்டி பார்த்துக்கொண்டிருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். "என்ன சித்தப்பா, பவுடர் போட்டு ஆடுறதெல்லாம் ஒரு விளையாட்டா? மழை பெஞ்சு கரண்ட் போனா ஆடுறது தானே அது?" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். அவர் கோபப்படவில்லை. "ஞாயித்துக்கிழமை சும்மா இருந்தா வாடா" என்றார், அவ்வளவுதான்.

சரி என்று போனேன். ஒரு சந்துக்குள் மாடியில் சின்ன கிளப். ஆறு போர்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு விளக்கு. உள்ளே நுழைந்ததும் முதலில் தெரிந்தது அந்த அமைதி. ஸ்ட்ரைக்கர் சத்தம் மட்டும்தான். எனக்கு எதிரே உட்கார வைத்தது ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண்ணை. நான் உள்ளுக்குள் சிரித்தேன், மறைக்கவில்லை.

வீட்டில் நாம் ஆடுவது வேறு கேரம். எழுந்து நின்று, குனிந்து, பாதி உடம்பைப் பலகைமேல் சாய்த்து அடிப்போம். அங்கே அது நடக்காது. ஒரு போர்டு, அதாவது ஒரு சுற்று, முடியும்வரை நாற்காலியை விட்டு எழக் கூடாது, நாற்காலியை நகர்த்தவும் கூடாது. கையைத் தவிர எதுவும் பலகையில் படக் கூடாது. 15 நொடிக்குள் அடிக்க வேண்டும். முதல் ஐந்து நிமிடத்தில் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது, பாதி காய்களுக்கு என் கையே எட்டவில்லை.

ஆட்டத்தின் நடுவில் ஒன்று நடந்தது. அவளுடைய வெள்ளைக் காய் ஒன்று பாக்கெட் வாயிலேயே நிற்கிறது. ஊதினால் விழுந்துவிடும். அவள் அதை விட்டுவிட்டு வேறெதையோ தட்டினாள். பாவம், கவனிக்கவில்லை போல என்று நினைத்தேன். பின்னால் நின்ற சித்தப்பா என் காதருகே குனிந்து, "உன் கறுப்பு ரெண்டும் எந்தப் பாக்கெட்டுக்குப் போகணும், பாரு" என்றார். பார்த்தேன். இரண்டுக்கும் அதே பாக்கெட்தான் வழி. நான் அந்தப் பக்கம் அடித்தால் முதலில் அவள் காய்தான் விழும், என் வாய்ப்பும் போய்விடும். பூட்டுப் போட்டுச் சாவியைக் கையில் வைத்திருந்தாள், அந்தப் பெண்.

அஸ்வின் நாலு பந்தை வெளியே திருப்பிவிட்டு ஐந்தாவதை நேராக விடும்போது, முதல் நாலு பந்து எதற்கு என்று நான் எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன்! கிரிக்கெட் போர் அடிக்கிறது என்று சொல்கிறவனைப் பார்த்து எரிச்சல்பட்டிருக்கிறேன். இங்கே அந்த நாலு பந்து எனக்குத் தெரியவில்லை. 74 சென்டிமீட்டர் சதுரப் பலகையில் ஒளிந்துகொண்டு இருந்தது.

நாலே போர்டில் 25-க்குப் பூஜ்யம் என்று தோற்றேன். ஆமாம், சொல்லிவிட்டேன், சிரித்துக்கொள்ளுங்கள்.

டீக்கடையில் சித்தப்பா பேசினார். சென்னைக்காரர் மரிய இருதயம் இரண்டு முறை உலக சாம்பியன், 1996-இல் அர்ஜுனா விருது. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் வடசென்னைப் பெண் காசிமா மூன்று தங்கம் வாங்கினார், அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். காசிமா செய்தியை நானும் அப்போது பார்த்தேன், லைக் போட்டுவிட்டுத் தள்ளிவிட்டேன். அப்புறம் சித்தப்பா விரலைச் சொடுக்கிக் காட்டி, "நீ கத்திக் கத்தி ரசிக்கிறியே கேரம் பால், அந்தப் பேர் எங்கிருந்து போச்சு?" என்றார். ஸ்ட்ரைக்கரைச் சுண்டுகிற மாதிரி விரலால் சுண்டிப் போடும் அந்தப் பந்தைப் பற்றி, இலங்கையின் மெண்டிஸ், நம்ம அஸ்வின் என்று இரண்டு மணி நேரம் பேசக்கூடியவன் நான். இதற்கு வாயே திறக்கவில்லை.

இவருக்குக் கிரிக்கெட் பிடிக்காது என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். மனுஷன் 1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில் இருந்திருக்கிறார்! பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட். இலக்கு 271. முதுகுவலியோடு சச்சின் 136 அடித்து அவுட் ஆனபோது வேண்டியது 17 ரன்தான். மீதி மூன்று விக்கெட்டும் நாலு ரன்னுக்குள் போய், 12 ரன்னில் தோற்றோம். கொஞ்ச நேரம் மைதானமே செத்த மாதிரி இருந்ததாம். அப்புறம் ஒருவர் எழுந்து கைதட்ட, பக்கத்தில் இருந்தவர் எழ, கூட்டம் மொத்தமும் நின்று தட்டியிருக்கிறது. வாசிம் அக்ரமின் பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தது. "அழுகையா வந்துச்சு, ஆனா அவங்க சக்லைன் பந்து போட்டது அப்படி. தட்டாம என்ன பண்றது?" என்றார்.

இதைக் கேட்டு நான் எல்லா விளையாட்டையும் நேசிக்கத் தொடங்கிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கோல்ஃப் போட்டால் எனக்கு இன்றைக்கும் தூக்கம்தான் வருகிறது. என் தம்பி நடுராத்திரி எழுந்து சாம்பியன்ஸ் லீக் பார்க்கிறான், அலாரம் அடிக்கும்போது அவனைக் கொல்லலாம் போல இருக்கிறது. பிடிக்காதது பிடிக்காதுதான். "இதெல்லாம் ஒரு விளையாட்டா" என்ற அந்த வாக்கியத்தை மட்டும் மூட்டை கட்டி வைத்துவிட்டேன்.

கதை இங்கே முடியவில்லை. போன வாரம் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். என் அக்கா பையன் போனில் ஏதோ சண்டை விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இ-ஸ்போர்ட்ஸுக்கு, அதாவது வீடியோ கேம் போட்டிக்கு, பதக்கம் கொடுத்தார்கள் என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சித்தப்பாவுக்கு முகமே மாறிவிட்டது. "கேரமுக்கு இடம் இல்ல, இதுக்கு மெடலா? போனைத் தேய்க்கிறதெல்லாம் ஒரு விளையாட்டாடா?"

பையன் தலையே நிமிரவில்லை. நான் சித்தப்பாவைப் பார்த்தேன். "ஞாயித்துக்கிழமை சும்மா இருந்தா வாங்க சித்தப்பா" என்றேன்.

வருகிறாராம். கேமராவும் வைக்கச் சம்மதித்துவிட்டார். அடுத்த வீடியோவில் பார்ப்போம்.