300 மீட்டர் மண் போதும்

(பெரம்பூரில் இருசக்கர வாகன மெக்கானிக்குகள் சங்கம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த அரிசி மண்டி உரிமையாளர் ஐயா அவர்களே, கடன் கேட்டு யாரும் பக்கத்தில் வந்துவிடக் கூடாது என்று மேடையின் ஓரத்து நாற்காலியைத் தேர்ந்தெடுத்து அமர்ந்திருக்கும் வங்கி மேலாளர் அவர்களே, நான் பேச வேண்டியதில் பாதியை வரவேற்புரையிலேயே பேசி முடித்துவிட்ட சங்கச் செயலாளர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமையும் பட்டறையைத் திறப்பவர்கள் இன்று ஒருநாள் அடைத்துவிட்டு வெள்ளை வேட்டியில் வந்திருக்கிறீர்கள், மெக்கானிக் தோழர்களே, தாய்மார்களே, வணக்கம்.

எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நன்றி. அடுத்த ஆண்டு ஒரு நல்ல ஸ்பானர் செட் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். மாமன்ற உறுப்பினர் அவர்கள் வேறு இரண்டு விழாக்களுக்குப் போக வேண்டியிருந்தும் என் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் போவேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் எழுந்து போவதற்குள் முக்கியமான கோரிக்கையைச் சொல்லிவிட வேண்டும் என்ற பதற்றம் எனக்கு இருக்கிறது. ஆனாலும் முறைப்படி தொடங்குகிறேன்.

குறைந்த பணத்தில், கூட்டம் சேர்க்கும் ஸ்பீட்வே அணியை உருவாக்குவது எப்படி? இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. ஐந்து செய்திகளாகச் சொல்லப் போகிறேன். மண், ஆள், வண்டி, கூட்டம், கணக்கு.

முன்வரிசையில் சிலர் விழிப்பது தெரிகிறது. ஸ்பீட்வே என்பது மண்ணில் நடக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயம். முட்டை வடிவப் பாதை. நான்கு பேர், நான்கு சுற்று, ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். 500 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டி, எடை 77 கிலோவுக்குக் குறையக் கூடாது, கியர் ஒன்றே ஒன்று. பிரேக் கிடையாது. ஆமாம் அம்மா, கிடையவே கிடையாது. நேர்ப்பாதையில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி வந்து, வளைவில் பின்சக்கரத்தை வழுக்க விட்டு, இரும்புத் தகடு கட்டிய இடது காலை மண்ணில் தேய்த்துக்கொண்டு திரும்புவார்கள். எப்போதும் இடப்பக்கமாகவே திரும்புவார்கள். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, அதற்கடுத்தவருக்கு 1, கடைசிக்குப் பூஜ்யம். அணிப் போட்டியில் ஒவ்வொரு ஓட்டத்திலும் அணிக்கு இருவர். நம் இருவரும் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தால் 5–1. பிரிட்டனில் ஒரு போட்டிக்கு 15 ஓட்டங்கள், அணிக்கு 7 வீரர்கள். ஒரு மாலைப் பொழுதுக்குள் எல்லாம் தீர்ந்து, பிள்ளைகள் தூங்குவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம்.

முதல் செய்தி மண். "சிறுகக் கட்டிப் பெருக வாழ்" என்று நம் பாட்டிமார்கள் சொன்னதை நான் எந்த மேடையிலும் சொல்லாமல் இறங்கியதில்லை. இந்த விளையாட்டுக்கு அது அப்படியே பொருந்தும். உலகப் போட்டிகளுக்கான பாதையே 260 முதல் 425 மீட்டர் நீளம் இருந்தால் போதும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயச் சாலை 3.7 கிலோமீட்டர். 2024-இல் தீவுத்திடலைச் சுற்றி இரவில் நடந்த கார் பந்தயத்துக்கு வளைத்த சாலை ஏறத்தாழ 3.5 கிலோமீட்டர். அவற்றை நான் குறை சொல்லவில்லை. மாமன்ற உறுப்பினர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்கிறேன். நான் கேட்பது 300 மீட்டர். தாரும் வேண்டாம், செம்மண்ணும் ஜல்லித் தூளும் போதும். மாடி கேலரி வேண்டாம், கரை மேடு போதும்.

இந்த விளையாட்டுப் பிறந்த கதையும் அப்படித்தான். 1923-இல் ஆஸ்திரேலியாவில் வெஸ்ட் மெய்ட்லாண்ட் என்ற ஊரில் வேளாண் சங்கத்தின் செயலாளராக இருந்தவர் ஜானி ஹாஸ்கின்ஸ். விவசாயப் பொருட்காட்சிக்குக் கூட்டம் வேண்டும். இருந்த திடலில், விளக்கைப் போட்டு, மோட்டார் சைக்கிளை ஓடவிட்டார். புதிதாக ஒன்றும் கட்டவில்லை. 1928-இல் அது இங்கிலாந்துக்குப் போனது. லண்டனுக்கு அருகே ஹைபீச் என்ற இடத்தில் நடத்தினார்கள். சில ஆயிரம் பேரை எதிர்பார்த்த இடத்தில் பல்லாயிரம் பேர் வந்து குவிந்தார்கள்.

நம் தீவுத்திடல் பொருட்காட்சியிலும், ஊர்த் திருவிழாக்களிலும் மரணக் கிணறு பார்க்காதவர்கள் இந்த மண்டபத்தில் உண்டா? பலகைச் சுவரில் பையன் கையை விட்டு ஓட்டுவான். மேலே நிற்பவர்கள் பத்து ரூபாய் நோட்டை நீட்டுவார்கள். வண்டியும் துணிச்சலும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் நம் மக்கள் காசு கொடுக்கத் தயங்குவதில்லை. பெரிய பந்தயச் சாலையில் கார் கண்ணெதிரே வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. மீதியைத் திரையில் பார்க்க வேண்டும். 300 மீட்டரில் நான்கு சுற்றையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம்.

இரண்டாவது செய்தி ஆள். இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், கதை முடிந்ததும் நீங்களே கைதட்டுவீர்கள்.

சோழவரத்தில் பந்தயம் நடந்த காலம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். இரண்டாம் உலகப் போரின்போது போட்ட விமான ஓடுதளம் அது. மன்னர் வீட்டுப் பிள்ளைகள் கார் ஓட்டுவார்கள். நம்மவர்கள் என்ஃபீல்டும் ஜாவாவும் ராஜ்தூத்தும் ஓட்டுவார்கள். என் சித்தப்பா ஆண்டு தவறாமல் பாரிமுனையிலிருந்து பஸ் ஏறிப் போவார். எலுமிச்சை சாதம், குடை, தலைக்கு ஈரத் துண்டு. ஒரு முறை அவர் பக்கத்தில் ஒரு சுண்டல்காரர் தகர டின்னோடு வந்து நின்றார். பந்தயத்தைப் பற்றி அவருக்கு அரிச்சுவடியும் தெரியாது. வியாபாரத்துக்கு வந்தவர். மோட்டார் சைக்கிள் பந்தயம் தொடங்கியது. கடைசியாக ஒரு பையன், புகை கக்கும் பழைய வண்டியில் வந்தான். சுண்டல்காரர் அவனை உற்றுப் பார்த்தார். டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறினார். "ஐயோ, இவன் ராயபுரத்துப் பையன்! என் தெருக்காரன்! எனக்கு நாலரை ரூபாய் பாக்கி வைத்திருக்கிறான்!" என்று கத்தினார்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த சுற்றில் பையன் வந்தபோது நாலைந்து பேர் சேர்ந்து "பாக்கியைக் கொடு!" என்று குரல் கொடுத்தார்கள். அதற்கடுத்த சுற்றில் ஒரு வரிசை. அதற்கடுத்த சுற்றில் அந்தக் கரை முழுவதும் எழுந்து நின்று, "பாக்கி! பாக்கி!" என்று கத்துகிறது. பையனுக்கு என்ன புரிந்ததோ, கையைத் தூக்கி ஆட்டினான். வைக்கோல் கட்டுக்கு அருகே சைலன்சர் கழன்று விழுந்தது. "போகட்டும் விடு, அதை விற்றாவது கொடு!" என்றார் ஒருவர். முதலில் வந்தவர் யார் என்று அந்தப் பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. கடைசியில் வந்தவனுக்கு விசில் பறந்தது.

பந்தயம் முடிந்ததும் அந்தப் பையன் தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, சுண்டல்காரரிடமே வந்தான். சட்டைப் பையைத் துழாவி இரண்டு ரூபாயை எண்ணிக் கொடுத்தான். "மீதி அடுத்த வருடப் பந்தயத்தில்" என்றான். அடுத்த ஆண்டு என் சித்தப்பா சோழவரத்துக்குப் போனது பந்தயம் பார்க்க இல்லை. மீதி இரண்டரை ரூபாய் வந்து சேர்ந்ததா என்று பார்க்கப் போனார்! அவர் மட்டுமா? முந்தைய ஆண்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் அதே கரையில், அதே இடத்தில். அந்த ஆண்டு ஒரு டீக்கடைக்காரரும் வந்திருந்தாராம். அவருக்கும் பாக்கியாம்.

கைதட்டுவீர்கள் என்று சொன்னேன் அல்லவா?

இதில்தான் அணி கட்டும் சூத்திரம் இருக்கிறது. கூட்டம் வேகத்தைப் பார்க்க ஒருமுறை வரும். தெரிந்தவனைப் பார்க்க ஒவ்வொரு முறையும் வரும். போலந்தில் லெஷ்னோ என்று ஓர் ஊர். மக்கள்தொகை சுமார் 60,000. நம் பெரம்பூர் தொகுதியின் ஒரு மூலையில் அடங்கிவிடும். அந்த ஊரின் அணி போலந்துப் பட்டத்தைப் பலமுறை வென்றிருக்கிறது. இங்கிலாந்தில் பூல், இப்ஸ்விச், கிங்ஸ் லின் என்று நடுத்தர ஊர்களின் பெயரில்தான் அணிகள். ஆகவே நம் அணிக்குச் சென்னை என்று பொதுப்பெயர் வேண்டாம். ராயபுரம் ஓர் அணி, வியாசர்பாடி ஓர் அணி, கொளத்தூர் ஓர் அணி. மைத்துனன் அந்த அணி, மாமன் இந்த அணி என்று வீட்டுக்குள்ளேயே சண்டை வர வேண்டும்.

வீரர்களைத் தேர்வதற்குப் பிரிட்டன் லீக்கில் ஒரு நல்ல விதி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வீரருக்கும் சென்ற பருவத்தின் சராசரிப் புள்ளி உண்டு. அணியைச் சேர்க்கும்போது அந்தச் சராசரிகளின் கூட்டுத்தொகை ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. பணக்கார அணி நட்சத்திரங்களை மட்டுமே அள்ளிக்கொள்ள முடியாது. அங்கே கெட்டிக்கார மேலாளர் தேடுவது சராசரி குறைவாக இருந்தும் வளரப் போகிற பையனை. ரிசர்வ் இடத்தில் இறங்கும் பையன் இரண்டு ஓட்டங்களில் எதிர்பாராமல் ஜெயித்தால் போட்டியே கவிழ்ந்துவிடும். வெளிநாட்டிலிருந்து பெயர்பெற்ற ஒருவரை ஒருநாள் கூத்துக்கு அழைத்துவந்து பணத்தைக் கரைக்காதீர்கள். அதே பணத்தில் ஓய்வுபெற்ற வீரர் ஒருவரை இரண்டு மாதம் இங்கே தங்கவைத்து நம் பிள்ளைகளுக்கு வளைவு எடுக்கக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். சிறுகக் கட்டிப் பெருக வாழ்!

மூன்றாவது, வண்டி. இது உங்கள் துறை, சுருக்கமாகச் சொல்கிறேன். மைசூரில் ஜாவா செய்து நம் தெருக்களில் ஓட்டினோம் அல்லவா, அந்தச் செக் நாட்டு ஜாவா நிறுவனம் 1964-இல் ஈசோ என்ற ஸ்பீட்வே வண்டித் தொழிற்சாலையைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதன்பின் ஜாவா ஸ்பீட்வே வண்டிகள் உலகெங்கும் ஓடின. நமக்கு அது இப்போது வேண்டாம். விலை ஒரு காரணம். பெரிய காரணம் எரிபொருள். அந்த வண்டிகள் மெத்தனாலில் ஓடுகின்றன. 2024-இல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் எத்தனை குடும்பங்களை அழித்தது என்று நாம் பார்த்தோம். பந்தயத்துக்கு என்று சொல்லி நம் பகுதியில் பீப்பாய் பீப்பாயாக மெத்தனாலை இறக்க நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன். பெட்ரோலில் ஓடும் 200 முதல் 350 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டிகளை எடுங்கள். விளக்கையும் மட்கார்டையும் கழற்றுங்கள். வெளியில் கிடைக்காத உதிரிப் பாகம் புதுப்பேட்டையில் கிடைக்கும். வண்டிகள் எல்லாம் லீக்குக்குச் சொந்தம். எந்த அணிக்கு எந்த வண்டி என்று போட்டிக்கு முன்பு மக்கள் முன்னிலையில் குலுக்கிப் போடுங்கள். பணக்காரன் வண்டி, ஏழை வண்டி என்ற பேச்சே இருக்காது.

ஓரிடத்தில் மட்டும் என் பழமொழியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறேன். ஆம்புலன்ஸ், மருத்துவர், வளைவில் காற்றடைத்த தடுப்பு, நல்ல தலைக்கவசம். இவற்றில் ஒரு ரூபாய் மிச்சம் பிடித்தாலும் அந்த அணி நடக்கக் கூடாது. மருத்துவர் ரயிலைத் தவறவிட்டார் என்றால் அன்று போட்டி இல்லை, டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

புழுதிக்கு என்ன செய்வது என்று செயலாளர் கேட்டார். தண்ணீர் தெளிக்க வேண்டும், ஆனால் குடிநீரைத் தொடக் கூடாது. 2019-இல் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்ற ஊர் இது. கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். அதில் இரண்டு லாரி கேட்டு வாங்குங்கள். போட்டிப் பருவத்தைப் பொங்கலுக்குப் பிறகு வையுங்கள். வடகிழக்கு மழையோடு யாரும் போட்டி போட முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கார் பந்தயத்தையே ஒத்திப்போட வைத்தது.

பணம் இருந்தால் எல்லாம் நடக்கும் என்பவர்களுக்கு வார்சாவைச் சொல்கிறேன். 2015-இல் போலந்தின் தேசிய அரங்கத்தில் கிராண்ட் பிரி, அதாவது ஸ்பீட்வே உலகப் பட்டத்துக்கான போட்டித் தொடரில் ஒரு போட்டி. 50,000 பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். அந்த நாட்டின் பெரிய வீரர் தோமாஷ் கோலோப் விடைபெறும் நாள். புறப்பாட்டு இடத்தில் குறுக்கே கட்டியிருக்கும் நாடா சரியாக மேலே எழவில்லை. பாதையும் பெயர்ந்தது. 12 ஓட்டங்களோடு நிறுத்திவிட்டார்கள். அத்தனை பெரிய அரங்கம், ஒரு நாடா! நம் ஓட்டேரி மெக்கானிக் ஒருவரை அங்கே நிறுத்தியிருந்தால் ஸ்பிரிங்கை மாற்றி ஐந்து நிமிடத்தில் தூக்கியிருப்பார்.

மாமன்ற உறுப்பினர் அவர்கள் செருப்பைத் தேடுகிறார்கள். ஆகவே நான்காவதையும் ஐந்தாவதையும் விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். கணக்கைப் பற்றி வங்கி மேலாளர் இருக்கும் மேடையில் பேசாமல் இருப்பதும் நல்லதுதான்.

ஐயா, சோழவரத்துப் பந்தயம் போன பிறகு வடசென்னைக்கு ஒரு பந்தய மண் கிடையாது. இருங்காட்டுக்கோட்டைக்கு நம் பையன் போய் வருவதற்குள் ஒருநாள் கூலி போய்விடும். அவன் என்ன செய்கிறான்? வார இறுதி இரவில் காமராஜர் சாலையில் ஓட்டுகிறான். போலீஸ் வண்டியைப் பறிக்கிறது, தாய் காவல் நிலைய வாசலில் உட்கார்ந்திருக்கிறாள், சில நேரம் மருத்துவமனை வாசலில். வேகத்தை அவனிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது, இடத்தைத்தான் மாற்ற முடியும். மாதவரத்துக்கு வடக்கே, செங்குன்றம் சாலையை ஒட்டி, அரசின் தரிசு நிலம் எங்கே இருந்தாலும் சரி. பழைய ஓடுதளத்தை நாங்கள் கேட்கவில்லை. 300 மீட்டர் பாதை, சுற்றிலும் கரை, ஒரு கழிப்பறை, போட்டி முடியும் நேரத்துக்குப் பாரிமுனைக்கு இரண்டு மாநகரப் பேருந்துகள். மண் அடிப்பதை இந்தச் சங்கத்துக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். கேட்காமலேயே வாக்குக் கொடுக்கிறேன், கையை உயர்த்துங்கள். பார்த்தீர்களா ஐயா? மண்டி உரிமையாளர் லாரி தருவதாக மாலையில் என் காதில் சொன்னார். இப்போது மைக்கிலும் சொல்லிவிட்டேன், இனி அவர் பின்வாங்க முடியாது.

சிறுகக் கட்டிப் பெருக வாழ்வோம், முதலில் கட்ட இடம் கொடுங்கள். தலைவர் மணியை அடித்துவிட்டார். வாசலில் இடப்பக்க மேசையில் மனுப் படிவம் இருக்கிறது. பெயர், தெரு, வார்டு எண் மூன்றையும் தெளிவாக எழுதுங்கள். வெறும் கையெழுத்து மட்டும் இருந்தால் அலுவலகத்தில் ஏற்கமாட்டார்கள். 18 வயது ஆகாதவர்கள் பெற்றோரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பேனா நூலில் கட்டியிருக்கிறது, அறுத்துக்கொண்டு போக வேண்டாம். பொங்கல் பொட்டலம் கையெழுத்துப் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் உண்டு என்று சமையற்காரர் சொல்லச் சொன்னார். வணக்கம்.