ஒரு மணி நேரத்தைக் கூட்டாதீங்க, ஏழரையைக் கூட்டிடும்: ரொசிலி, வர்ம்ஸ் ஹெட்

வணக்கம் மக்களே. காத்து மைக்ல அடிச்சா பொறுத்துக்கோங்க, ரொசிலி பாறை விளிம்புல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி உட்கார்ந்திருக்கேன். இன்னிக்கு சூரியகாந்தி வயல் வீடியோதான் போடறதா சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். போன வீடியோவுக்குக் கீழ ஒரு கமெண்ட் வந்திருக்கு, அதுக்கு விழுந்த லைக்கைப் பார்த்ததுல இருந்து வயிறு எரியுது.

கடல் ஏறி வத்தற நேரத்தைக் காட்டற போன் ஆப் பத்தின கமெண்ட் அது. என்னன்னா, "வர்ம்ஸ் ஹெட் போறவங்க ஆப் காட்டுற நேரத்தோட எப்பவும் 1 மணி நேரம் கூட்டிக்கணும்." எப்பவும்! தயவுசெஞ்சு யாரும் இதைச் செய்யாதீங்க. ஏன்னு கணக்குப் போட்டே காட்டறேன்.

புதுசா வந்தவங்களுக்காக ஒரு நிமிஷம். வேல்ஸ்ல சுவான்சீக்கு மேற்கே நீட்டிக்கிட்டு இருக்கிற கௌவர் தீபகற்பம், அதோட மேற்கு முனைதான் ரொசிலி. 1956-ல பிரிட்டன்லயே முதல்முதலா "தனிச்சிறப்பான இயற்கை எழில் பகுதி"ன்னு அறிவிச்சது இந்த கௌவரைத்தான். எனக்குப் பின்னாடி கடலுக்குள்ள படுத்திருக்குதே, ஏறக்குறைய ஒரு மைல் நீளத்துக்கு, அதுதான் வர்ம்ஸ் ஹெட். வர்ம்னா இங்க புழு இல்லை. பழைய மொழியில பாம்பு, டிராகன். மூடுபனி நாள்ல பார்த்தீங்கன்னா பேர் வெச்சவன் சரியாத்தான் வெச்சிருக்கான்னு தோணும். வேல்ஷ்ல பென் பிரோட்.

கரைக்கும் அதுக்கும் நடுவுல இருக்கிற பாறைத் தடம் லோ டைட், அதாவது கடல் நல்லா வத்தற நேரம், அப்போ மட்டும்தான் வெளிய தெரியும். லோ டைடுக்கு முன்னாடி இரண்டரை மணி நேரம், பின்னாடி இரண்டரை மணி நேரம், மொத்தம் 5. போறது, சுத்தறது, சாப்பிடறது, திரும்பறது எல்லாம் அந்த அஞ்சுக்குள்ள. கடைசி நிமிஷம்ங்கிறது தீவுல இருந்து கிளம்பற நேரம் இல்லை, இந்தக் கரையில கால் வெச்சிருக்க வேண்டிய நேரம். இதையும் பாதிப் பேர் தப்பாப் புரிஞ்சுக்கறாங்க.

சரி, கணக்கு. பிரிட்டன்ல மார்ச் கடைசி ஞாயிறுல இருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரைக்கும் கடிகாரம் கிரீன்விச் நேரத்துக்கு ஒரு மணி முன்னாடி ஓடும். சில டைட் அட்டவணை வருஷம் முழுக்க கிரீன்விச் நேரத்துலயே அச்சாகும். அதுக்குத்தான் ஒரு மணி கூட்டணும். ஆனா போன்ல இருக்கிற பெரும்பாலான ஆப் கோடை நேரத்தைத் தானே கூட்டித்தான் காட்டுது. அதுக்கு மேல நீங்களும் கூட்டினா ரெண்டு தடவை கூட்டின மாதிரி ஆயிடும்.

உதாரணத்துக்கு, அட்டவணையில லோ டைட் 12:30, கிரீன்விச். நம்ம கைக்கடிகாரத்துல 1:30. தடம் திறக்கறது காலை 11:00, மூடறது மாலை 4:00.

கூட்ட மறந்துட்டீங்கன்னு வெச்சுக்குவோம். 10 மணிக்கே போய் நிப்பீங்க. தண்ணி இன்னும் கிடக்கும். காத்திருப்பீங்க. 3 மணிக்கு மூடிடும்னு நினைச்சு சீக்கிரமே திரும்பிடுவீங்க. ஒரு மணி நேரம் வீண், அவ்வளவுதான்.

இப்போ அந்தக் கமெண்ட் சொன்னபடி ஆப்ல இருக்கிற 1:30-ஐ 2:30 ஆக்கறீங்க. 5 மணி வரைக்கும் நேரம் இருக்குன்னு நினைச்சு ஆற அமர 4:30-க்கு இறங்கி வர்றீங்க. தடம் இருக்காது. மறந்தா வெறும் காத்திருப்பு, ரெண்டு தடவை கூட்டினா ஆபத்து. ரெண்டும் ஒரே அளவு தப்பு இல்லை.

அதுவும் இது சாதாரணக் கடல் இல்லை, பிரிஸ்டல் கால்வாய். உலகத்துலயே ரொம்பப் பெரிய ஏத்த வத்தம் இருக்கிற இடங்கள்ல ஒண்ணு. இந்தப் பக்கத்துல பெரிய டைட் நாள்ல லோவுக்கும் ஹைக்கும் 8 மீட்டர் வித்தியாசம் வரும். தண்ணி ஒரே வேகத்துலயும் ஏறாது. மாலுமிங்க ஒரு பன்னிரண்டு பங்கு கணக்கு வெச்சிருக்காங்க: முதல் மணியில ஒரு பங்கு, ரெண்டாவதுல 2, மூணாவதுலயும் நாலாவதுலயும் மும்மூணு, அப்புறம் 2, அப்புறம் 1. தடம் மூடறது மூணாவது மணிக்கு நடுவுல, அதாவது தண்ணி வேகம் எடுக்கிற நேரத்துல. அங்க இருந்து ஒரு மணி லேட்னா பன்னிரண்டுல 3 பங்கு, 8 மீட்டருக்கு 2 மீட்டர். ஆள் மூழ்கற உயரம். தண்ணி ரெண்டு பக்கத்துல இருந்தும் வேற வந்து நடுவுல சேரும். "முட்டி அளவுதானே, நடந்துடலாம்"னு யாராவது சொன்னா அவங்களோட போகாதீங்க.

இன்னொண்ணு, எந்த ஊர் அட்டவணைன்னு பாருங்க. மம்பிள்ஸ் இல்லேன்னா சுவான்சீ எடுங்க. கார்டிஃப் எடுக்காதீங்க. அங்க டைட் அரை மணிக்கு மேல பிந்தி வரும், அதுவும் அதே ஆபத்தான திசையிலதான் தப்பாகும்.

இவ்வளவு சொன்னதுக்கப்புறம், நீங்க நம்ப வேண்டியது ஆப்பையும் இல்லை, என்னையும் இல்லை. கார் பார்க்ல இருந்து மேற்கே ஒரு மைல் சமதளப் பாதை, இருபது இருபத்தஞ்சு நிமிஷ நடை. அதோட முடிவுல, பாறை மேல ஒரு சின்னக் கட்டடம். பழைய கடலோரக் காவல் கூண்டு. இப்போ நேஷனல் கோஸ்ட்வாட்ச் தன்னார்வலர்கள் அங்க இருந்து கண்காணிக்கறாங்க. அன்னிக்குப் பாதுகாப்பா கடக்கற நேரத்தை ஒரு போர்டுல எழுதி வெச்சிருப்பாங்க. அதை போட்டோ எடுத்துக்கிட்டு இறங்குங்க. எனக்கு இந்தக் கட்டடத்தை ரொம்பப் பிடிக்கும், உங்களுக்கே தெரியும்.

எந்த நாள் போறதுன்னு கேட்டவங்களுக்கு நம்ம வீட்டுக் காலண்டரே போதும். அமாவாசை, பௌர்ணமி கழிஞ்சு ஒண்ணு ரெண்டு நாள்ல இங்க லோ டைட் நடுப்பகல்லதான் விழும், கோடை நேரத்துல ஒரு மணி, ரெண்டு மணி வாக்குல. பகல் முழுக்க உங்களுக்கு. அஷ்டமி வாக்குல போனீங்கன்னா லோ டைட் காலையில 7, 8, அப்புறம் சாயந்திரம் 7, 8. ரெண்டும் உதவாது. அஷ்டமியில நல்ல காரியம் வேண்டாம்னு பெரியவங்க சொன்னது இங்க மட்டும் கச்சிதமாப் பொருந்துது.

இப்போ நடை. கூண்டுல இருந்து செங்குத்தா இறங்கணும். கீழ போனா போட்ட பாதைன்னு ஒண்ணும் கிடையாது. சாய்ஞ்ச சுண்ணாம்புப் பாறை, குட்டை, கறுப்பு மட்டி. கால் எங்க வைக்கணும்னா, சொரசொரன்னு வெளிறின பார்னக்கிள், அதாவது பாறையில ஒட்டி வாழற சின்ன ஓட்டு உயிரி, ஒட்டின பாறை மேல. அது உப்புத்தாள் மாதிரி பிடிக்கும். பழுப்புப் பாசி, பச்சைப் பாசி ரெண்டும் சோப்பு. நேர்கோட்டுல போகணும்னு பார்க்காதீங்க, காய்ஞ்ச பாறையைத் தேடி வளைஞ்சு போங்க. கடக்க மட்டும் அரை மணி ஒதுக்குங்க, குழந்தைங்க இருந்தா இன்னும் கூட. செருப்பு, சாண்டல் கூடவே கூடாது. கணுக்காலைப் பிடிக்கிற ஷூ.

ஆங், கையுறை! சொல்லாம விட்டுட்டேன். தோட்ட வேலைக்குப் போடற சாதாரண கையுறை ஒரு ஜோடி எடுத்துக்கோங்க. பார்னக்கிள் மேல கை ஊனினா தோல் சீவிடும். திரும்பும்போது கால் தளர்ந்து கை ஊனறதுதான் அதிகம்.

அந்தப் பக்கம் ஏறினதும் இன்னர் ஹெட், புல் மேடு. தெற்கு ஓரமாப் போற பாதை சுலபம். அடுத்து தாழ்வான நடுப்பகுதி, மறுபடி கரடுமுரடு. அப்புறம் டெவில்ஸ் பிரிட்ஜ், கடல் குடைஞ்சு குடைஞ்சு மேல்கூரை மட்டும் நிக்கிற இயற்கை வளைவு. அதைத் தாண்டினா அவுட்டர் ஹெட். அங்க ஒரு ஊதுதுளை இருக்கு, அலை பெருசா இருக்கிற நாள்ல உறுமும். ஆனா மார்ச்ல இருந்து ஆகஸ்ட் முடியற வரைக்கும் அவுட்டர் ஹெட் மேல ஏறக் கூடாது. கில்லிமாட், ரேசர்பில், கிட்டிவேக்னு கடல் பறவைங்க எல்லாம் கூடு கட்டற காலம். "இவ்வளவு தூரம் வந்துட்டோமே"ன்னு ஏறுறவங்களைப் பார்த்தா எனக்குக் கோபம் வரும். ட்ரோன்காரங்களைப் பத்தி நான் திரும்ப ஆரம்பிக்கலை, பழைய வீடியோவுலயே போதும் போதும்னு ஆயிடுச்சு. கடல்நாய் பார்க்கணும்னா தண்ணியோரப் பாறைகளைப் பொறுமையாப் பாருங்க, பாறையோட பாறையாக் கிடக்கும்.

என் விதி: லோ டைடுக்கு அப்புறம் ஒன்றரை மணிக்குள்ள திரும்பற கால் தடத்துல இருக்கணும். மேல சொன்ன உதாரணத்துல 3 மணி. போர்டு சொல்றதுக்கு முழுசா ஒரு மணி முன்னாடி. கழிப்பறை, தண்ணிக் குழாய் எதுவும் அங்க இல்லை, எல்லாத்தையும் கார் பார்க் பக்கத்துலயே முடிச்சுக்கோங்க.

கார்னு சொன்னதும் ஞாபகம் வருது. ஆகஸ்ட் முதல் ஞாயிறு வராதீங்க, வந்தா கௌவர் ஷோவுக்குன்னே வாங்க. பென்ரைஸ்ல நடக்கிற விவசாயக் கண்காட்சி. சுவான்சீல இருந்து அதுக்குப் போறதும் ஏ4118 சாலைதான், ரொசிலிக்கு வர்றதும் அதேதான். ஸ்கர்லேஜ் தாண்டினதும் வர்ற பி4247 ரொம்பக் குறுகல். வண்டி ஊர்ந்தே உங்க அஞ்சு மணி நேரத்துல ஒண்ணு போயிடும். சுவான்சீல இருந்து பஸ் உண்டு, சுமார் ஒரு மணி நேரம். ஆனா கடைசி பஸ் நேரத்தைப் பார்த்துட்டு அப்புறம் டைடைப் பாருங்க, இது ரெண்டும் ஒத்துப் போகணும்.

டைட் ஒத்து வரலையா, கவலையே படாதீங்க. ரொசிலி டவுன் ஏறுங்க, 193 மீட்டர், கௌவர்லயே உயரம். கீழ மூணு மைல் மணல் முழுசாத் தெரியும், மேட்டுல கற்கால ஈமக்குழிங்க ரெண்டு, ஸ்வெய்ன்ஸ் ஹோஸ். மணல்ல ஹெல்வெஷியா, 1887 நவம்பர்ல கரை ஒதுங்கின நார்வே மரக்கப்பல், அதோட விலா எலும்பு மாதிரி கட்டைங்க மட்டும் நிக்கும். அதுக்கும் லோ டைட் வேணும், ஆனா அங்க மாட்டிக்க மாட்டீங்க. ஊருக்குள்ள செயின்ட் மேரீஸ் சர்ச்ல எட்கர் எவன்ஸ் நினைவுக்கல் இருக்கு. துருவப் பயணி கேப்டன் ஸ்காட்டோட தென் துருவம் போய் 1912-ல திரும்பி வர்ற வழியில இறந்தவர், இந்த ஊர்க்காரர். பத்து நிமிஷம் போதும், ஆனா விடாதீங்க.

கடைசியா, மாட்டிக்கிட்டா? கவிஞர் டிலன் தாமஸே இங்க மாட்டினவர்தான், அதனால வெட்கப்படாதீங்க. தண்ணியில இறங்காதீங்க, நீந்தாதீங்க. மேட்டுல ஏறி உட்காருங்க. 999 அடிச்சு கோஸ்ட்கார்டு கேளுங்க. ஒரு லோ டைடுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல 12 மணி 25 நிமிஷம். அதுல 5 போச்சுன்னா தடம் மூடியிருக்கிற நேரம் சரியா ஏழரை மணி, அஞ்சு நிமிஷம் குறைச்சல். அந்தக் கமெண்ட்காரர் கூட்டச் சொன்னது ஒண்ணு, கூடறது ஏழரை! மாலை 4 மணிக்கு விட்டீங்கன்னா அடுத்து திறக்கறது ராத்திரி பதினொன்றரைக்கு, கும்மிருட்டுல. அந்த இருட்டுல அந்தப் பாசி மேல நடக்க முடியுமான்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

கமெண்ட்டை மேல பின் பண்ணி, கீழ இந்த வீடியோவை ஒட்டியிருக்கேன். அடுத்த வாரம் சூரியகாந்தி, சத்தியமா.