பனியில் கேட்கும் ஹோன் சத்தம்

அவையோருக்கு வணக்கம். "மலையில இருக்கிற நமக்கு நீர்மூழ்கிக் கப்பல் கதை எதுக்கு சேர்?" என்று ஏ.எல். படிக்கும் பிள்ளை ஒருவர் வாசலிலேயே கேட்டுவிட்டார். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு விடியற்காலை பஸ் ஏறியவர்களுக்குத் தெரியும். பனி இறங்கிவிட்டால் ஹெட்லைட் வெளிச்சம் பத்தடி தாண்டாது. வளைவுக்கு அந்தப் பக்கம் லொறி வருவதை ஹோன் சத்தம்தான் சொல்லும். கடலுக்கடியிலும் இதே கதைதான். உப்புத் தண்ணீருக்குள் வெளிச்சமும் ரேடார் அலையும் அதிக தூரம் போகாது; சத்தம் போகும். நீர்மூழ்கி சத்தமே இல்லாமல் ஊர்ந்தால் யாராலும் எளிதில் பிடிக்க முடியாது. 2009 பெப்ரவரியில் அட்லாண்டிக்கில் இரண்டு நீர்மூழ்கிகள் மோதிக்கொண்டன. ஒன்று பிரித்தானியாவின் வான்கார்ட், மற்றது பிரான்சின் லு திரியோம்பான். நட்பு நாடுகளின் கப்பல்கள், இரண்டும் அணு ஏவுகணை சுமப்பவை. அவ்வளவு பெரிய கடலில் அவ்வளவு அமைதி!

இந்த மறைவில்தான் அவற்றின் முழு பலமும் இருக்கிறது. தரையிலுள்ள ஏவுகணைக் கிடங்கைச் செய்மதி படம் பிடித்துவிடும். விமானத் தளம் எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். கடலில் ஒளிந்திருக்கும் ஒரு கப்பல் மிஞ்சினாலும் பதிலடி உண்டு என்பதால், முதலில் அடிக்க எவனும் தயங்குவான். 1960 ஜூலை 20இல் அமெரிக்காவின் ஜோர்ஜ் வாஷிங்டன் கப்பல், தண்ணீருக்கடியிலிருந்து போலாரிஸ் ஏவுகணையைச் செலுத்தியது. அது ஏறத்தாழ 2,200 கிலோமீற்றர் போகும். இன்றைய டிரைடன்ட் ஏவுகணை 7,000 கிலோமீற்றரைத் தாண்டும்.

இனி நம் பக்கத்துக் கடலுக்கு வருவோம். இந்தியாவின் அரிஹந்த் நீர்மூழ்கி 2022 ஒக்டோபரில் வங்காள விரிகுடாவில் ஏவுகணையைச் செலுத்திப் பார்த்தது. 2024இல் அரிகாட் என்ற நீர்மூழ்கியும் அதன் கடற்படையில் சேர்ந்தது. ஆழத்தில் கிடக்கும் கப்பலுக்குக் கட்டளை போவது எப்படி? மிக நீண்ட ரேடியோ அலைகள் மட்டும் தண்ணீருக்குள் கொஞ்சம் இறங்கும். அவற்றை அனுப்பும் இந்தியக் கடற்படை நிலையம் திருநெல்வேலி விஜயநாராயணத்தில் இருக்கிறது. பெயர் கட்டபொம்மன். நம்மில் எத்தனையோ பேரின் பாட்டன் பாட்டி கங்காணியின் பின்னால் புறப்பட்டு வந்த அதே சீமை அது.

கட்டளை சரியாகப் போய்ச் சேராவிட்டால்? 1962 ஒக்டோபர் 27இல், கியூபாவுக்கு அருகே சோவியத் நீர்மூழ்கி ஒன்று ஆழத்தில் கிடந்தது. மொஸ்கோவுடன் தொடர்பில்லை, மேலே அமெரிக்கக் கப்பல்கள் வெடி போட்டன. தண்ணீருக்குள் பாய்ந்து கப்பலைத் தாக்கும் அணு டோர்பிடோவைச் செலுத்தலாமா என்ற வாக்குவாதத்தில் வேண்டாம் என்று நின்றவர், உள்ளே இருந்த அதிகாரி வாசிலி ஆர்க்கிபோவ். அந்த ஒருவர் உள்ளே இல்லாதிருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். பதிலடிக்குப் பயந்து யாரும் முதலில் அடிக்காத இந்தத் தடுப்பு வலு போரைத் தள்ளி வைத்திருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு மனிதரின் நிதானத்தில் தொங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம் நாட்டுப் பிரதமர் சிறிமாவோ அம்மையார் 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு செய்த ஒப்பந்தம் மலையகத் தமிழரான நம்மவர் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அந்தக் காயம் என் குடும்பத்திலும் உண்டு. இருந்தாலும் சொல்கிறேன்: 1971இல் இந்து சமுத்திரத்தை, வல்லரசுகளின் போர்க்கப்பல் போட்டியும் அணு ஆயுதமும் இல்லாத சமாதான வலயமாக்கச் சொல்லி அவர் ஐ.நா.வுக்குப் போனது மிகச் சரியான காரியம். டிசெம்பர் 16இல் அது 2832ஆம் தீர்மானமாக நிறைவேறியது. எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை. அமெரிக்காவும் சோவியத்தும் பிரித்தானியாவும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டன, அவற்றின் போர்க்கப்பல்களும் இந்தக் கடலை விட்டுப் போகவில்லை.

அந்தத் தீர்மானத்தைத் தமிழில் எழுதிப் பிரதி எடுத்து வந்திருக்கிறேன். வாசலில் கேள்வி கேட்ட பிள்ளை முதலில் வந்து வாங்கிக்கொள்ளட்டும்.