பெரியம்மா கொண்டுவந்த இட்லி

(பாம்பனில் ஆசிரியர்கள், பெற்றோர் முன் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன கதையைக் கேட்காமல் இந்தத் தீவில் பிள்ளைகள் வளர்வதில்லை. விழுந்தும் எழுந்து நிற்கிற அந்தச் சக்தியைத்தான் மீள்திறன் என்கிறோம். அதைத் தாளில் அளக்க முடியுமா? ஓரளவு முடியும். கனடாவில் மைக்கேல் உங்கர் குழுவினர் இந்தியா உட்பட 11 நாடுகளின் இளையோரை வைத்து 28 கேள்விகளில் ஓர் அளவுகோல் செய்தார்கள். ஆன்மிக நம்பிக்கை பலம் தருகிறதா என்பது அதில் ஒரு கேள்வி, சமய நிகழ்ச்சிகளில் கலந்துகொள்கிறாயா என்பது இன்னொன்று.

தனித்தனியாகக் கேட்டது சரிதான். ஆனால் ஏர்வாடி சந்தனக்கூடு, கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா என்று கூட்டம் கூட்டமாகப் போகிற கரை இது. எல்லாரும் முழு மதிப்பெண் போடுகிற கேள்வியை வைத்து எந்தப் பிள்ளையைப் பற்றி என்ன தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்வித்தாளை நான் ஒரு வகுப்பில் கொடுத்தபோது, பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி சமயக் கேள்வி வந்த இடத்தில் பென்சிலை நிறுத்திவிட்டாள். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அவள் அப்பா அக்கரைச் சிறையில் இருந்த நேரம் அது. "சார், எங்க பெரியம்மா தினம் சாயங்காலம் வந்து எங்களோட செபமாலை சொல்வாங்க. முடிச்சதும் தூக்குவாளியில கொண்டுவந்த இட்லியை வெச்சுட்டுப் போவாங்க. இதை எதுல போடுறது?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. தாளில் செபத்துக்கு ஒரு கட்டம், உறவுக்கு ஒரு கட்டம். அவள் வீட்டில் இரண்டும் ஒரே தூக்குவாளியில் வந்தன.

அதே வகுப்பில் ஒரு பையன், அண்ணனைக் கடலில் இழந்தவன். சமயக் கேள்வி இரண்டுக்கும் இருப்பதிலேயே குறைந்த மதிப்பெண்ணான ஒன்றைப் போட்டான். "சாமி மேல கோவம் சார்" என்றான். கென்னத் பார்கமென்ட் என்ற உளவியலாளர் இதற்கும் இடம் வைத்திருக்கிறார். அவரது 14 கேள்விகள் கொண்ட சுருக்கமான அளவுகோலில் ஏழு, கடவுளிடம் தேடுகிற ஆறுதலைப் பற்றியவை. மற்ற ஏழும் கடவுள் கைவிட்டுவிட்டாரோ என்கிற தவிப்பைப் பற்றியவை. அந்தத் தவிப்பைக் கேட்காமல் 'பக்தி குறைவு, மனத்திடம் குறைவு' என்று அந்தப் பையனைப் பற்றி எழுதினால் அது அநியாயம்.

ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தத் தாளைக் கொடுக்கும்போது கீழே நான்கு வரி இடம் விடுங்கள். 'வீட்டில் கஷ்டம் வந்தப்போ யார் வந்தாங்க?' என்று கேளுங்கள். யாரும் வரவில்லை என்று ஒரு பிள்ளை எழுதினால், அந்த வாரமே அந்த வீட்டுக்கு ஒருவர் போய் வாருங்கள்.